கீழ்வீட்டு வாசலில் நான் பிரிஜித்தாக நின்ற மாலை

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து கோணலும் மாணலுமாகத்தான் வரும். வயதும் எண்பதைத் தாண்டிவிட்டது. ஒன்றைச் சொல்லிக்கொண்டு போகும்போது மற்றது மறந்துபோகும். மருமகள்தான் "மாமி, எனக்குச் சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ" என்று பேனையைக் கையில் தந்துவிட்டுப் போனாள். அவளும் இதில் வருகிறாள்.

அது எண்பத்தாறாம் ஆண்டாக இருக்க வேண்டும். எண்பத்தேழாகவும் இருக்கலாம். டென்மார்க்கில் கோல்டிங் என்ற ஊரில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் நடு மாடியில் நானும் மகனும் இருந்தோம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். மகனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருவான். நான் நாள் முழுக்க வீட்டில் தனியே இருப்பேன். படியில் யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அவர்கள் போன பிறகுதான் குப்பை கொட்டப் போவேன். அவ்வளவு கூச்சம் எனக்கு.

கூச்சம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. மகனுக்கு ஏழு வயதில் அவனுடைய தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் ஒரு கல்யாண வீட்டிலும் முன்னுக்கு நின்றதில்லை. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாகவே பலகாரம் சுடுகிற பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். பொம்பிளை மாப்பிள்ளை வாசலுக்கு வரும் நேரம் நான் அடுப்படியில் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும் அதுதான் நிம்மதி என்று பழகிவிட்டது.

அந்த மாசியில் மகனுக்குப் பேசிய பெண் ஊரில் இருந்து வருவதாக இருந்தது. கொம்மூன் என்கிற நகரசபைக் கந்தோரில் பதிவு எழுதி, பிறகு வீட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் தாலி கட்டுவது என்று முடிவு. எனக்கு ஒரே ஒரு யோசனைதான். அந்தப் பிள்ளை தாய் தகப்பனை விட்டு, கண் காணாத நாட்டுக்கு வருகிறாள். முதன்முதல் வீட்டுக்குள் கால் வைக்கும்போது ஆலாத்தி எடுத்து உள்ளே கூப்பிட ஒரு சுமங்கலி வேண்டுமே. நான் எடுக்க முடியாது. என் கை பட்டு அவளுடைய வாழ்க்கைக்கு ஒன்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு நான் எப்படி உயிரோடு இருப்பது?

பக்கத்து ஊரில் ஒரு மன்னார்க் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அந்த வீட்டுத் தங்கச்சியை ஆலாத்தி எடுக்க வரச்சொல்லிக் கேட்டேன். சிரித்துக்கொண்டு சம்மதித்தாள்.

"அக்கா, நான் வேதக்காரி. தட்டு எந்தப் பக்கம் சுத்திறதெண்டு நீங்கள்தான் காட்டித் தரவேணும்" என்றாள்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அவள் வாசலில் நிற்பாள், நான் குசினிக்குள் நிற்பேன், எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்து மருமகளைப் பார்ப்பேன் என்று மனதுக்குள் ஒழுங்கு பண்ணி வைத்துவிட்டேன்.

இனி கீழ்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கீழே தனியே இருந்தவ. எழுபது வயது இருக்கும். கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவாக, நிலத்துக்குக் கீழே உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று உண்டு. அங்கேதான் அவவைக் கண்டேன். மிசினின் கதவைத் திறக்கத் தெரியாமல் நான் முழித்துக்கொண்டு நிற்க, அவ வந்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினா. திறந்துவிட்டது. பிறகு என் காலைப் பார்த்தா. நான் ரப்பர்ச் செருப்போடு நின்றேன். அடுத்த நாள் எங்கள் கதவடியில் ஒரு சோடி கம்பளிக் காலுறை இருந்தது.

எனக்கு வெள்ளைக்காரர் எல்லோரும் டெனிஷ்காரர்தான். அவ அயர்லாந்துக்காரி என்று மகன் சொல்லித்தான் தெரியும். கப்பலில் வேலை செய்த டெனிஷ்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவ. பிள்ளைகள் இல்லை. அவர் செத்துச் சில வருடங்கள். இத்தனை காலம் இருந்தும் அவவுடைய டெனிஷும் கோணல்தான் என்று மகன் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவவோடு கதைக்கத் துணிவே வந்தது. இரண்டு பேரும் கையாலும் கண்ணாலும் நாலு டெனிஷ் சொல்லாலும் கதைப்போம். தேத்தண்ணி குடிப்போம். அவ்வளவுதான் பழக்கம்.

தை மாதம் முடியப் போகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் வீட்டில் நிற்கும்போது அவ மேலே வந்தா. முழங்கால் நோவோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறா. கையில் ஒரு கட்டுக் கோரைப்புல். குளக்கரையில் போய் வெட்டினதாம். பாய் பின்னுகிறதற்கு ஊரில் வெட்டுவோமே, அந்த மாதிரி. கதிரையில் இருந்து மூச்சு வாங்கி முடித்த பிறகு மகனோடு இங்கிலிசில் கனநேரம் கதைத்தா. இடையிடையே என்னைக் காட்டினா. வீட்டை விட்டு எழும்பச் சொல்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

மகன் எனக்கு விளங்கப்படுத்தினான். அயர்லாந்தில் குளிர் முறியத் தொடங்குகிற நேரம் பிரிஜித் என்ற தெய்வம் ஊருக்குள் வருவாவாம். தை மாதம், அதாவது ஜனவரி, முடிகிற நாள் மாலையில் வருவா. மாட்டுக்குப் பால் சுரக்க வைப்பவ அவதான். அடுப்பில் நெருப்பு அணையாமல் பார்ப்பவவும் பிள்ளைப்பெறுவுக்குத் துணை நிற்பவவும் அவதானாம். கிறிஸ்து வேதம் வந்த பிறகு அதே பெயரில் ஒரு புனிதையும் உண்டாம். சனங்கள் இரண்டு பேரையும் பிரித்துப் பார்ப்பதில்லை, கோயிலில் ஒருத்தி, அடுப்படியில் ஒருத்தி என்று இருவருக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள் என்றா. பழைய கதை ஒன்றும் சொன்னா. பிரிஜித்துடைய மகன் ஒரு சண்டையில் செத்துப்போனான். அவனுக்காக அவ அழுததுதான் அந்த நாட்டில் கேட்ட முதல் ஒப்பாரியாம். மகன் அதைச் சொல்லும்போது நான் அவனுடைய முகத்தைப் பார்த்தேன். ஊரில் எத்தனை தாய்மார் அப்போது அப்படி அழுதுகொண்டிருந்தார்கள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த மாலையில், வீட்டில் ஒரு பெண் வெளியே போக வேண்டுமாம். கோரைக் கட்டோடு வீட்டைச் சுற்றி வந்து கதவைத் தட்டி, நான் வந்திருக்கிறேன், என்னை உள்ளே விடுங்கள் என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள் முழங்காலில் நின்று வா, வா என்று கூப்பிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். சின்ன வயதில் அவவுடைய தமக்கை போய்த் தட்டுவாவாம். இங்கே வந்த பிறகு புருசன் இவவுடைய சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு தாடியோடு போய்த் தட்டுவாராம். அதைச் சொல்லிச் சிரித்தா. அவர் போன பிறகு தானே வெளியே போய்த் தட்டிவிட்டு, தானே உள்ளே வந்து, தானே பதில் சொல்கிறாவாம்.

"அம்மா, இந்த முறை உங்களைத் தட்டச் சொல்லிக் கேக்கிறா" என்றான் மகன்.

"என்னையோ? அவவுக்கு விசரே? நான் தாலி அறுத்தவள் எண்டு அவவுக்குச் சொல்லு. நான் போய் ஒரு வீட்டில தெய்வமா நிக்கிறதோ?"

அவனுக்கு அதைச் சொல்ல வெட்கம். நான் விடவில்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னான். எங்கள் பழக்கம் இப்படி, அம்மா நல்ல காரியத்துக்கு முன்னுக்கு நிற்க மாட்டா, கல்யாணத்துக்கு வருகிற பிள்ளையைக்கூட அம்மா கூப்பிட மாட்டா என்று. அவ என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டா. அவசரப்படவில்லை. கடைசியில் சின்னதாக ஏதோ சொன்னா.

"என்ன சொல்லுறா?"

மகன் அந்தக் கோரைக் கட்டைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"தானும் புருசன் செத்தவதானாம். பிரிஜித்தும் மகனைப் பறிகுடுத்து அழுதவவாம். அழுதவை வீட்டுக்குள்ள வரக்கூடாதெண்டா, வேற ஆர்தான் வாறது எண்டு கேக்கிறா."

அவ அந்தக் கோரையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. எனக்கு விருப்பமில்லைத்தான். ஆனால் அந்த நோகிற காலோடு அவ தனியே வெளியே போய் நின்று, ஆளில்லாத வீட்டைத் தட்டுகிறது என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்த நாள் வந்தது. பின்னேரம் நாலரை மணிக்கே இருள் கட்டத் தொடங்கிவிட்டது. கீழே போனேன். தன்னுடைய சால்வையை என் தலையில் போட்டுவிட்டா. கோரையை என் கையில் தந்து, எந்தப் பக்கமாகச் சுற்றி வருவது என்று விரலால் காட்டினா. கோயிலை வலம் வருகிற அதே பக்கம்தான். அது எனக்குக் காட்டத் தேவையில்லை என்று சொல்லத் தெரியவில்லை.

வெளியே உறைபனி. புல்லில் கால் வைக்க நறநற என்றது. தோட்டப் பக்கமாக நடந்தேன். மூன்றாம் மாடி மனுசன் நாயோடு எதிரே வந்தார். ஒரு கறுத்த மனுசி, சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, தலையில் பச்சைச் சால்வை, கையில் புல்லுக்கட்டு. நின்று பார்த்தார். நாயும் நின்று பார்த்தது. வேறு நாளென்றால் நான் திரும்பி ஓடியிருப்பேன். அன்றைக்கு ஓட இடமில்லை. "கொட் தா" என்றேன். அந்த ஊருக்கு வந்து நானாக ஒருவருக்குச் சொன்ன முதல் வணக்கம் அதுதான். அவரும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

கட்டடத்தைச் சுற்றி முடித்துக் கீழ்வீட்டுத் தோட்டக் கதவடிக்கு வந்தேன். யன்னலில் மெழுகுதிரி எரிந்தது. அவ சொல்லித்தந்த அயர்லாந்துச் சொற்கள் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. உன்னுடைய பாஷையிலேயே சொல் என்று முதலே சொல்லியிருந்தா. மூன்று தரம் தட்டி, முழங்காலில் நில்லுங்கள், கண்ணைத் திறவுங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள் என்று சொல்ல வேண்டும். என்னைவிட மூத்த மனுசியை முழங்காலில் நில் என்று எப்படிச் சொல்வது? அதை விட்டுவிட்டேன்.

தட்டினேன். திரும்பவும் தட்டினேன். பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"நான் வந்திருக்கிறன். கதவைத் திறவுங்கோ."

என் வாழ்க்கையில் ஒரு வாசலிலும் நான் அப்படிக் கேட்டதில்லை. எங்கே போனாலும் பின்பக்கத்தால் போய்த்தான் பழக்கம். உள்ளே இருந்து பதில் வந்தது. அயர்லாந்துப் பாஷையில் ஏதோ இரண்டு மூன்று சொல், பாட்டு மாதிரி. கதவு திறந்தது. அந்த அம்மா ஒரு கையால் கதவையும் மறு கையால் கதிரைக் காலையும் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே முழங்காலில் நின்றா. என்னை அண்ணாந்து பார்த்தா. கண் நிறைந்திருந்தது.

கையில் இருந்த கோரை எல்லாம் கொட்டுப்பட்டுப் போனது. "வேண்டாம் அம்மா, எழும்புங்கோ" என்று குனிந்து தூக்கினேன். அவவால் எழும்ப முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. நான் இழுக்க, அவ என்னை இழுக்க, இரண்டு பேரும் வாசலிலேயே இருந்துவிட்டோம். முதலில் அவதான் சிரித்தா. பிறகு நான். குளிர் முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. பார்த்தால் தெய்வமும் பக்தையும் நிலத்தில் கிடக்கிறார்கள்.

உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வெங்காயத்தாளும் நடுவில் ஒரு குளம் வெண்ணெயும் விட்டு வைத்திருந்தா. முதல் கரண்டி எனக்குத்தான் தந்தா, நான் வந்த தெய்வமாம். உறைப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஆனாலும் வழித்துச் சாப்பிட்டேன். பிறகு அந்தக் கோரையை மடித்து மடித்து நாலு கை வைத்த சிலுவை பின்னினோம். ஒரு கை எனக்குக் கோணிப்போனது. அதைத்தான் தன்னுடைய கதவுக்கு மேல் கொழுவினா.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை போயிருக்கும். மருமகள் வருகிற நாள். மகன் அவளைக் கூட்டிவரக் கொப்பன்ஹேகனுக்கு முதல் நாளே போய்விட்டான். அப்போது பாலம் இல்லை, ரயிலே கப்பலுக்குள் ஏறித்தான் கடலைக் கடக்கும். நான் விடியவே தட்டை ஒழுங்கு பண்ணினேன். வாழைப்பழத்தை மூன்று துண்டாக வெட்டி, பஞ்சில் திரி திரித்துக் குத்தி வைத்தேன். மன்னார்த் தங்கச்சி பன்னிரண்டு மணிக்கு வருவாள் என்று பார்த்திருந்தேன். காலை தொடங்கின பனி நிற்கவே இல்லை. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. டெலிபோன் அடித்தது.

"அக்கா, பஸ் ஒண்டும் ஓடேல்லையாம். இவர் காரைக் கிண்டிப் பாத்தார், அசையுதில்லை. நான் என்ன செய்ய?" தங்கச்சி அழாத குறை.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். வேறு யாரும் இல்லை. சரி, தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம், மகனிடம் திறப்பு இருக்கிறது, அவனே திறந்து கூட்டிக்கொண்டு வரட்டும், நான் குசினிக்குள் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு குசினிக்குப் போய் நின்றேன். அதுதானே எனக்குத் தெரிந்த இடம்.

படியில் சத்தம் கேட்டது. மணி அடித்தது. மகன் திறக்கவில்லை. கூப்பிடும்வரை நிற்க வேண்டும் என்று நின்றிருக்கிறான்.

"அம்மா, மன்னார் ஆக்கள் வந்திட்டினமோ?"

நான் வாய் திறக்கவில்லை. அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். திறப்பை அவன் எடுக்கவே இல்லை. எனக்கு முன்னால் அடுப்பு, அடுப்புக்கு மேல் மஞ்சள் நிறத்தில் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியில் நிற்பது ஒரு சின்னப் பிள்ளை. அவளுடைய நன்மைக்கு நான் ஒளிந்து நிற்கிறேன் என்று நினைத்தேன். அவளுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள், உள்ளே ஆள் இருக்கிறது, கதவு திறக்கவில்லை. அவளுக்குத் தெரிவது அதுதானே.

அப்போது ஒரு மெல்லிய குரல் வந்தது.

"மாமி, கால் விறைக்குது மாமி."

நான் அவளுடைய குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நெருப்புப்பெட்டியை எடுத்தேன். திரி மூன்றையும் கொளுத்தினேன். போய்க் கதவைத் திறந்தேன்.

மகனுடைய பெரிய குளிர்ச்சட்டைக்குள் ஒரு குருவி மாதிரி நின்றாள். தலையெல்லாம் பனி. காலில் ஊர்ச் செருப்பு. ஸ்டேஷனில் இருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். தட்டை மூன்று தரம் சுற்றினேன். நெற்றியில் பொட்டு வைத்தேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

"வா பிள்ளை. வலக் காலை வைச்சு உள்ள வா" என்றேன்.

உள்ளே வந்தாள். முதல் வேலையாக அவளைக் கதிரையில் இருத்தி, இரண்டு காலையும் என் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்தேன். ஐயோ மாமி, விடுங்கோ என்று காலை இழுத்தாள். நான் விடவில்லை. சேலைத் தலைப்பால் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அன்றோடு பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். தாலி கட்டுகிற அன்றும் நான் பின்னால் போகத்தான் பார்த்தேன், அவள்தான் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அந்த வருடம் அவளுக்கு இருமல் வந்தபோதும், மகனுக்கு வேலையில் விரல் வெட்டுப்பட்டபோதும் 'என்னாலோ' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒருநாள் அடக்க முடியாமல் மருமகளிடமே சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நீங்கள் இன்னும் ஐஞ்சு நிமிசம் யோசிச்சிருந்தா எனக்குக் காலே போயிருக்கும். அதுதான் உங்களால வந்திருக்கும்" என்றாள். தலை நிமிராமல் வெட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் வாய்க்காரிதான். இன்றைக்கும் அப்படித்தான்.

கீழ்வீட்டு அம்மா அதற்குப் பிறகு மூன்றோ நாலோ குளிர்காலம் இருந்தா. ஒவ்வொரு தையும் முடியும்போது நான் போய்த் தட்டினேன். மருமகள் முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்த வருடம், அவளைக் கூட்டிவரச் சொல்லி அவளுடைய தோளில் அந்தச் சால்வையைப் போட்டுவிட்டா. பிறகு முதியோர் இல்லத்துக்குப் போனா. அங்கேதான் கண்ணை மூடினா. நாங்களும் டோஸ்ட்ருப் என்ற ஊருக்கு வந்துவிட்டோம். அந்தத் தெய்வம் உண்மையோ, எங்கள் பக்கத்தில் இருந்து கும்பிட்டால் கேட்குமோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, நான் ஒரு வாசலில் நின்று கேட்டேன், ஒரு மனுசி நோகிற காலோடு முழங்காலில் நின்று என்னை உள்ளே விட்டா, அதனால்தான் என் வீட்டு வாசலில் நின்ற பிள்ளைக்கு என்னால் கதவைத் திறக்க முடிந்தது.

நான் எழுதினதில் பிழை இருக்கும். பிரிஜித் என்ற பெயரை இப்படித்தான் எழுத வேண்டுமோ, மகன் செத்த கதை நான் சொன்ன மாதிரித்தானோ, அயர்லாந்துப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் சொல்லுகிற அந்த இரண்டு மூன்று சொல் எனக்கு மறந்துபோய்விட்டது, அதை விசாரித்துத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினால் பெரிய உதவி. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு தரமாவது அதைச் சொல்லிக் கதவைத் திறக்க ஆசையாக இருக்கிறது.